பாதி ராத்திரி மேகி கோரேங்கும் காலைத் தொண்டை வலியும்

"டீச்சர், இந்த வருஷம் மட்டும் நாலு தடவை ஆண்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டேன். தொண்டை வலி போகிற மாதிரி போய் மறுபடியும் வந்து நிற்கிறது. டுரியான் பழ சீசன் வேறு. உடம்புச் சூடுதான் காரணமா?" மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி கேட்டிருந்தாள்.

சூடு என்று சொல்லிவிட்டால் பினாங்கில் எல்லாரும் சமாதானமாகிவிடுவார்கள். நம் பாட்டியும் அதைத்தான் சொல்வார், மூலிகைத் தேநீர்க் கடைக்குப் போகச் சொல்லும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் அதைத்தான் சொல்வார். உள்நாக்கு விழுந்துவிட்டது என்று உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறவர்களும் உண்டு. என் மாமியார் எனக்கே இழுத்திருக்கிறார். தொண்டை வலி அப்படியே இருந்தது, உச்சந்தலை இரண்டு நாள் வலித்தது.

சரி, வழக்கமான காரணங்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும், ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். காய்ச்சல் இருக்கிறதா, டான்சிலில் வெள்ளை படிந்திருக்கிறதா, கழுத்தில் நெறி கட்டி வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது இதற்காகத்தான். 1981-இல் சென்டர் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு அது. சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சோதிப்பார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. சிலர் தொண்டையில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். வைரஸால் வலி வந்த நாளில் சோதித்தாலும் இருக்கிறது என்றே முடிவு வரும், பழி கிருமி மேல் விழும். இது போக, மெத்தையில் வாழும் தூசுப்பூச்சி கிளப்பும் ஒவ்வாமையால் மூக்குச்சளி பின்பக்கமாகத் தொண்டையில் வடிவது, ஏர்கானில் வாயைத் திறந்தபடி தூங்குவது, புகைமூட்டம் எல்லாம் உண்டு.

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: எப்போது வலிக்கிறது? காலையில் எழுந்ததும் மோசமாக இருக்குமாம், மத்தியானம் ஆக ஆகக் குறையுமாம். காய்ச்சல் ஒரு தடவைகூட இல்லை. தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி செருமிக்கொண்டே இருக்கிறாள். ராத்திரி பதினோரு மணிக்கு ஷிப்ட் முடியும், தோழிகளோடு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) ஒரு மேகி கோரேங், அதாவது எண்ணெயில் வறுத்த மேகி, ஒரு தே ஓ ஐஸ் லிமாவ், அதாவது பால் இல்லாத ஐஸ் எலுமிச்சைத் தேநீர், வீட்டுக்கு வந்து பன்னிரண்டரைக்குப் படுக்கை. "ஆனால் நெஞ்செரிச்சல் இல்லையே, டீச்சர்!" என்றாள். இல்லாமலும் இருக்கும். வயிற்றில் இருப்பது மேலே ஏறித் தொண்டைவரை வந்தும், நெஞ்சில் எரியாமல் போவது இந்த வகையில் சகஜம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறது: பெப்சின். இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதி. 1836-இல் இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் தியோடர் ஷ்வான், உயிரணுக் கோட்பாட்டுப் பாடத்தில் படித்தோமே, அவரேதான். கத்தியை உறையில் வைத்துக் கொடுப்பது போல, இரைப்பைச் செல்கள் இதை பெப்சினோஜன் என்ற மூடிய வடிவில்தான் வெளியே அனுப்புகின்றன. உறை என்பது நாற்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால், வெட்டுகிற வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். அமிலம் பட்டதும் வால் விலகும். விலகியதும் கத்தி முதலில் வெட்டுவது தன் உறையைத்தான்! தன்னைத் தானே அவிழ்த்துக்கொள்ளும் இந்த வித்தையைப் பத்து வருஷம் வகுப்பில் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை.

அமிலத்தோடு சேர்ந்து இதில் ஒரு துளி தொண்டைக்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். அங்கே பிஎச் ஏறத்தாழ 7 (பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு: 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அமிலத்தை உமிழ்நீர் நடுநிலையாக்கிவிடும், பெப்சின் வெட்டுவதை நிறுத்திவிடும். ஆனால் சாகாது, தூங்கும். பிஎச் 8 வரை போனால்தான் அதன் உருவமே குலைந்து மீளமுடியாமல் போகும். அதுவரை சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த அமிலத்துக்காகக் காத்திருக்கும். ஆய்வகச் சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: தொண்டைச் செல்கள் பெப்சினைத் தாங்களே உள்ளே இழுத்துக்கொள்கின்றன, செல்லுக்குள் இயல்பாகவே அமிலத்தன்மை உள்ள சின்ன அறைகள் இருக்கின்றன, அங்கே அது கண் விழித்துவிடுகிறது. வெளியே அமிலமே இல்லாமலும் செல் சேதமாவதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

தூக்கத்தில் உமிழ்நீர் அநேகமாகச் சுரக்காது, விழுங்குவதும் அரிதாகிவிடும், உணவுக்குழாயின் மேல்வாய் தளர்ந்திருக்கும். அதனால்தான் காலை வலி. அப்புறம் அவள் அந்த வலிக்கு என்ன குடித்தாள் தெரியுமா? எலுமிச்சையும் தேனும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது. தூங்குகிறவனை உலுக்கி எழுப்பி, கையில் கத்தியையும் கொடுத்த கதை.

டுரியானுக்கும் சூட்டுக்கும் வருகிறேன். கொழுப்பான எதையும் வயிறு நிறையத் தின்றால் இரைப்பை காலியாக நேரமாகும், ராத்திரி படுத்தால் மேலே ஏற வசதி. பாட்டிகள் கவனித்தது சரிதான், காரணம் மட்டும் வேறு என்பது என் கட்சி.

இப்படித் தொண்டைவரை ஏறுவதற்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுப்பது வழக்கம். 2021-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், தொண்டைத் தொந்தரவு விடாமல் இருந்த 346 பேரில் ஒரு பாதிக்கு 16 வாரம் லான்சோபிரசோல் என்ற அந்த வகை மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். அமிலம் குறைந்தாலும் பெப்சின் வந்துகொண்டுதானே இருக்கும் என்கிறார்கள் சிலர், பாதிப் பேருக்குக் காரணமே வேறு என்கிறார்கள் வேறு சிலர், சண்டை ஓயவில்லை. படுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே ஏறாதபடி தலைமாட்டை உயர்த்தக் கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பதும் உண்டு, அதை இதே போல நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் சோதிக்க யார் பணம் போடுவார்கள்? செங்கல்லுக்குக் காப்புரிமை கிடையாது. அரசாங்கம்தான் போடவேண்டும், போடுவதில்லை என்பது என் வயிற்றெரிச்சல், இதற்கு மாத்திரை இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: வலி ஒரே பக்கம் இருந்தால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, ரத்தம் என்று எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

அவளும் போய்க் காட்டினாள். மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்தவர் குரல்வளையின் பின்பக்கம் சிவந்திருக்கிறது என்றாராம். அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லமுடியாது, பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்றாராம். இப்போது சாப்பாட்டை ஷிப்ட் இடைவேளையிலேயே முடித்துக்கொள்கிறாள், தலைமாட்டுக் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்திருக்கிறாள், புருஷன் சறுக்குகிறது என்று புலம்புகிறாராம். ஆறு வாரத்தில் செருமல் குறைந்திருக்கிறது, வலி ஒரு தடவை வந்தது. டுரியானை மட்டும் விடமாட்டேன் என்றாள். பகலில் சாப்பிடு என்றேன்.