குசினியை முதலில் கீறுங்கள்

கிளிநொச்சியில் வீட்டுப் பிளான் கீறுவதுதான் என் தொழில். வருகிறவர்கள் எத்தனை அறை, எவ்வளவு பெரிய ஹோல், சாமியறை எந்தப் பக்கம் என்று விரல் மடக்கிச் சொல்வார்கள். குசினி? "அது மிஞ்சுற இடத்தில போடுங்கோ தங்கச்சி." இதைச் சொல்வது பெரும்பாலும் ஐயாதான். அந்தக் குசினிக்குள் விடியப்புறமே நுழையப் போகிற அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

தொடக்கத்தில் நானும் மிஞ்சின இடத்தில்தான் போட்டேன். தருமபுரம் பக்கம் ஒரு வீடு. குடிபுகுந்து ஒரு வருடம் கழித்து வேறு அலுவலாகப் போனபோது அந்த வீட்டு அன்ரி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு ஈர்க்கு. சிங்கும் ஸ்லாப்பும் சேரும் விளிம்பில் அதன் முனையை விட்டு இழுத்தார். எண்ணெயும் மாவும் தேயிலைச் சக்கையும் சேர்ந்த கறுத்த பசை ஒன்று சுருண்டு வந்தது. "கிழமைக்கு ரெண்டு தரம் இந்த வேலை. நீங்கள் கீறிப்போட்டுப் போட்டியள் பிள்ளை, நான் கிண்டிக்கொண்டிருக்கிறன்."

குசினி ஊத்தையாகக் கிடந்தால் ஊர் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பார்க்கும். உண்மையில் பாதி ஊத்தைக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பவர்கள் பிளான் கீறும் நாங்களும் கட்டுகிற மேசன்மாரும்தான்.

வன்னியில் இன்னொரு கதையும் இருக்கிறது. இங்கே பல வீடுகளுக்கு இரண்டு குசினி. மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள், ஏறக்குறைய 550 சதுர அடியில் கட்டினோம். அதற்குள் ஒரு சின்னக் குசினியும் இருந்தது. ஆனால் விறகு எரித்தால் வீடு முழுக்கப் புகை. அதனால் பின்னால் ஒரு கொட்டில் போட்டுச் சமையலை அங்கே கொண்டு போனார்கள். பிறகு வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் உள்ளே பளபளவென்று பன்ரி (கபேட் அடித்த புதுமாதிரிக் குசினி) வந்தது. அதில் தேத்தண்ணி மட்டும்தான். சோறும் கறியும் இன்னும் கொட்டிலில்தான். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, கொட்டிலை இடித்தவர்களும் திரும்பக் கட்டினார்கள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உண்மையாக எங்கே சமைக்கப் போறியள்?" என்றுதான். விறகடுப்பு இருக்கும் என்றால் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் பிளானிலேயே கீறுவோம். வீட்டோடு ஒட்டி, மூன்றடிக்கு அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை, சீமெந்துத் தரை, புகைக்கூடு. பன்ரிக்கு ஒதுக்கிய காசில் கால்வாசி இதற்குப் போதும்.

குசினி எந்த மூலையில் வரவேண்டும் என்றால் பெரியவர்கள் அக்கினி மூலை, தென்கிழக்கு என்பார்கள். படிக்கிற காலத்தில் இதைச் சாத்திரம் என்று தள்ளிவைத்தேன். பிறகு காற்றைக் கவனித்தேன். வைகாசி தொடங்கிச் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து. தென்கிழக்கு மூலையில் அடுப்பு இருந்தால் சோளகம் புகையைக் கிழக்குப் பக்கமாகக் கொண்டு போகும், வாடை தெற்குப் பக்கமாகக் கொண்டு போகும். இரண்டு காற்றிலும் புகை வீட்டுக்குள் வராது. எதிர்மூலை வடமேற்குக்கும் இதே கணக்குத்தான். தென்மேற்கில் வைத்தால் சோளக மாதங்கள் முழுக்கக் கரி ஹோலுக்குள் பறக்கும். வீதி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பார்த்து மூலையை மாற்றச் சொல்பவர்களுக்கு இதைப் படம் கீறிக் காட்டுவேன்.

புகைக்கூட்டைக் கூரை முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி எழுப்பவேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையை உள்ளே தள்ளும். விறகும் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். சரியாக எரியாத புகை சுவரில் குளிர்ந்து தார் மாதிரிப் படியும். அது தும்புத்தடிக்கும் சோப்புத் தண்ணிக்கும் அசையாது. மாரிக்கு முன்பே விறகு அடுக்க, குசினிக்கு வெளியே கூரை நீட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு தட்டுக் கட்டுங்கள். அடுப்புக்குக் கீழே விறகு அடுக்குகிற பழக்கத்தை விடுங்கள். கறையான், தேள் வரும். வயல்கரை வீடுகளில் விரியனும் வரும்.

கரிச்சட்டியை உள்ளே சிங்கில் கழுவ வைப்பதுதான் புதுவீடுகளில் நான் அடிக்கடி காணும் பிழை. சோத்துப்பானை சிங்குக்குள் இறங்காது, பாதி வெளியே நிற்கும், கரித்தண்ணி சுவரில் தெறிக்கும். பின்கதவை ஒட்டி நாலடிக்கு நாலடி ஒரு கழுவுமேடை போடுங்கள். சுற்றி மூன்று அங்குல வரம்பு, ஒரு மூலைக்குச் சாய்வு, ஒரு பைப். தண்ணீர் போகும் வழியில் சின்னத் தொட்டி ஒன்று வைத்தால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் அங்கேயே தங்கும், மிச்சம் வாழைக்குப் போகும். அம்மிக்கும் அந்த மேடையிலேயே ஒரு பக்கத்தில் இடம் வைக்கலாம். சட்டியை அடுப்பில் ஏற்ற முன் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசுகிற பழைய கைவேலையை நினைவிருக்கிறதா? கரி அந்தச் சாம்பலோடு கழன்று வரும். எந்தச் சவர்க்காரக் கொம்பனியும் இதைச் சொல்லித்தராது.

இனி உள்ளே வருவோம். ஊத்தை தங்குவது பொருத்துகளில்தான். பத்தடிக்கு எட்டடிக் குசினித் தரையில் ஓரடி டைல்ஸ் (எங்கள் ஊரில் மாபிள்) பதித்தால் 142 அடி நீளத்துக்குப் பொருத்து வரும். இரண்டடி டைல்ஸ் என்றால் 62 அடி. அரைவாசிக்கும் குறைவு! பொருத்துக்கு வெள்ளைக் கலவை வேண்டாம், சாம்பல் நிறம் போடுங்கள். வெள்ளை மூன்று மாதத்தில் மஞ்சளாகும், ஆறு மாதத்தில் உங்களுக்கு அலுத்துவிடும். காசு இல்லையென்றால் டைல்ஸே வேண்டாம். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையை நன்றாக மினுக்கி விட்டால் பொருத்தே கிடையாது. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல், ஒரு போத்தலை உருட்டினது மாதிரி வளைத்துப் பூசச் சொல்லுங்கள். மேசன் முணுமுணுப்பார். தும்புத்தடி அந்த மூலையில் இடறாமல் போகும்.

கபேட் விசயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகைக் கபேட்டை சிங்குக்குக் கீழே போடாதீர்கள். ஒரு மாரியில் ஊதும், பின்பக்கம் எலி குட்டி போடும், வாசம் வந்த பிறகுதான் தெரியும். அலுமினியம் நல்லது. அதைவிட மலிவு, ஸ்லாப்புக்குக் கீழே கதவில்லாமல் திறந்து விடுவது. கபேட் போட்டே ஆகவேண்டும் என்றால் ஆறு அங்குலக் காலில் நிறுத்துங்கள், அடியில் கூட்டவேண்டும். மேலே தொங்கும் கபேட்டைக் கூரைத்தட்டு வரை கொண்டுபோய் அடையுங்கள். இடையில் விடுகிற அந்த ஓரடி வெளியில்தான் கிறவல் வீதிப் புழுதியும் பொரித்த எண்ணெய் ஆவியும் சேர்ந்து பிசுபிசுவென்று உறையும்.

ஸ்லாப் உயரத்தைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள். சமைக்கிறவர் நிற்கட்டும், முழங்கையை மடிக்கட்டும், அதற்கு நாலு அங்குலம் கீழே. குனிந்து துடைப்பவர் அவசரமாகத்தான் துடைப்பார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். கேத்திலுக்குள் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். கறுப்புக் கிரனைட் கடையில் அழகு, வீட்டில் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் பொட்டாகத் தெரியும். புள்ளி போட்ட சாம்பல் நிறம் எடுத்தால் கண்ணுக்கும் கைக்கும் நிம்மதி. பைப் வாயில் படிந்தால் தேசிக்காய் அல்லது பழப்புளி தேய்த்துச் சற்று விட்டுக் கழுவலாம். உண்மையான மாபிள் கல்லிலும் சீமெந்திலும் புளிப்பு படக்கூடாது, அரித்துவிடும். குளோரின் கலந்த கழுவு திரவத்தோடு புளிப்பான எதையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

கடைசியாகச் சாய்வு. இதில்தான் நான் ஒருமுறை வெட்கப்பட்டது. பிளானில் சாய்வைக் குறிக்க மறந்தேன், மேசன் தன்பாட்டில் ஹோல் பக்கம் சாய்த்துவிட்டார். கழுவுகிற நாளெல்லாம் அந்த வீட்டில் தண்ணீர் கதிரைக் காலுக்குப் போனது. இப்போது ஒவ்வொரு பிளானிலும் அம்புக்குறி போட்டு, எட்டடிக்கு ஓரங்குலம் பின்கதவுப் பக்கம் என்று எழுதுகிறேன். எழுதினாலும் நம்புவதில்லை. கடைசிக் காசு கொடுக்கும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவைப்பேன்.

அண்மையில் முழங்காவிலில் ஒரு அம்மா அப்படித்தான் செய்தார். மேசன் காசுக்காக வாசலில் நிற்க, இவர் வாளியோடு வந்து ஊற்றினார். தண்ணீர் எல்லாம் ஓடிப்போய் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையளவு நின்றது. "தம்பி, இது காயும்வரைக்கும் நான் இருக்கிறன்" என்று பலகையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மேசன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பின்னேரம் இரண்டு டைல்ஸைக் கிளப்பித் திரும்பப் பதித்தார்.