மென்டர் என்றால் தமிழில் யார்?

திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ‘மென்டர்’ என்ற சொல் எப்படியும் ஒரு தடவை வந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவருக்குப் பக்கத்தில் நின்று கைகொடுக்கும் அனுபவசாலியைச் சொல்வது. தமிழில் என்ன என்று கேட்டால் ஒருவர் ‘வழிகாட்டி’ என்பார், இன்னொருவர் ‘ஆலோசகர்’ என்பார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

மென்டர் முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிசியில், போருக்குப் போகும் ஒடிசியஸ் வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்த நண்பர். உள்ளதைச் சொன்னால் அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மகன் தெலிமாக்கசுக்குத் துணையாகப் போவது அவர் உருவில் வந்த அதீனா தெய்வம். 1699இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் அந்த மகனின் பயணத்தைக் கதையாக்கி மென்டரை முன்னுக்குக் கொண்டுவந்தார். பெயர் பொதுச்சொல்லானது அதற்குப் பிறகுதான்.

சரி, நம் சொற்கள். பரீட்சைக்கு விற்கும் புத்தகமும் வழிகாட்டிதான். ஆசிரிய ஆலோசகரோ இங்கே ஒரு பதவி. வகுப்புப் பார்க்க வருகிறார் என்றாலே புதியவருக்குக் கை நடுங்கும்.

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வாடி வரும் இன்னொரு பாணனுக்குத் தான் போய்வந்த வழியைச் சொல்கிறான். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது தொல்காப்பியம். சொல்பவன் வள்ளலில்லை, அவனும் ஒரு பாணன். அதுதான் விஷயம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்ற நம்பிக்கை தவறு என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுதினார். யாழ்ப்பாணத்தவரான மொழியியலாளர் சுரேஷ் கனகராஜாவும் அந்த நம்பிக்கையை மறுத்து எழுதியவர். மூதூரில் ஒரு பிள்ளை ‘இஸ்கூல்’ என்றால், தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது, அதனால்தான் நாக்கு ஓர் இகரத்தைத் தேடுகிறது என்று தமிழ் பேசும் ஆசிரியைக்குப் பிடிபடும். அவரும் ஒருகாலத்தில் ‘இஸ்கூல்’ போனவர்தானே! முதல் நியமனத்தில் வருகிறவருக்கு அந்த வழியைச் சொல்ல அவரைவிட யார் பொருத்தம்?

அப்படியானால் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வைத்துவிடலாமே என்றால், அதை ஏற்கெனவே உளவளத்துணைக்காரர்கள், அதாவது கவுன்சலிங் செய்கிறவர்கள், எடுத்துக்கொண்டார்கள். ‘உங்களுக்கு ஓர் ஆற்றுப்படுத்துநர் வருவார்’ என்றால், ‘ஏன், எனக்கு என்ன நடந்தது?’ என்று புது மிஸ் பயந்துபோவார். அதனால் நான் ‘வழித்துணை’ என்றே எழுதுகிறேன். பழைய சொல், கூட நடக்கிறவர் என்பது அதிலேயே இருக்கிறது.

மென்டரின் துணையைப் பெறுகிற ‘மென்டீ’க்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. இப்போதைக்கு ‘புது மிஸ்’, ‘புது சேர்’ என்றே ஓடுகிறது.