புதுப் பொருளாளருக்கு ஒரு மாதம் அடுத்தாள் வேலை

"ஆடிட்டர் சார், எனக்குக் கணக்கெல்லாம் வராது, வேண்டாம்னுதான் சொன்னேன். பொதுக்குழுவுல எல்லாரும் கை தட்டிட்டாங்க." காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு வரும் புதுப் பொருளாளர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். படிப்பகமோ, முன்னாள் மாணவர் சங்கமோ, அன்னதானக் கமிட்டியோ, சம்பளமில்லாத பொறுப்புதான். ஆனால் செக்கில் விழுவது அவர் கையெழுத்து.

இவர்களுக்காக ஒரு நாள் பயிற்சி நடத்த ஆரம்பித்தேன். முதல் வருடம் சட்டப் பிரிவுகளை வரிசையாக அடுக்கி 60 ஸ்லைடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பேர் பட்டாலைத் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. அடுத்த மாதம் அதில் ஒருவர் போன் செய்து, "ரசீதுல தொகையைத் தப்பா எழுதிட்டேன், கிழிச்சுப் போட்டுட்டேன், பரவாயில்லையா?" என்றார். 60 ஸ்லைடில் ஒன்றில்கூட அது இல்லை. (கிழிக்கக் கூடாது. அசலையும் நகலையும் சேர்த்து 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும்.)

இப்போது ஸ்லைடே கிடையாது. அவரவர் சங்கத்தின் போன வருடப் பையைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்: ரசீது புத்தகம், வவுச்சர் கட்டு, பாஸ்புக், தீர்மானப் புத்தகம். ஏதாவது ஒரு வவுச்சரை உருவி, அந்தச் செலவுக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள், பணம் எந்தத் தேதியில் போனது என்று அவர்களே தேட வேண்டும். ஒரு சங்கத்தின் பையில் கையெழுத்து மட்டும் போட்ட ஐந்து வெற்றுச் செக்குகள் இருந்தன. பழைய பொருளாளர் வெளியூர் போகும்போது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்தவை. யாரும் ஏமாற்றவில்லை, உண்மைதான். ஆனாலும் அன்றைக்கே ஐந்தையும் ரத்து செய்யச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, மலேசியா, சிங்கப்பூர் பணம். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்ளூர் நன்கொடை மாதிரிதான். மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா கொடுத்தால் வெளிநாட்டுப் பங்களிப்பு. ஊருக்கு வந்த இடத்தில் ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதேதான். 2010 வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற சங்கமும், 2020 திருத்தத்துக்கு அப்புறம், டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். "நம்ம சித்தப்பாதானே" என்பது அங்கே செல்லாது.

மற்றவை சுருக்கம்தான். நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் வருடாந்திரக் கணக்கு, நிர்வாகிகள் மாறினால் அதற்கான படிவம். 80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் அங்கீகாரம்) உள்ள சங்கமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தத் தொகைக்கு வரிச் சலுகை கிடைக்காது; அதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் பயிற்சி போதாது என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் யாரையும் நேராகக் கல்லாவில் உட்காரவைக்கவில்லை. பெட்டியடிப் பையனாக எடுபிடி செய்து, அடுத்தாளாக, அதாவது உதவியாளாகப் பேரேடு எழுதி, அப்புறம்தான் கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாள். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நிர்வாகக் குழுவின் பதவிக் காலத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பும் அதே மூன்று வருடம்தான். அதனால் இப்போதெல்லாம் தேர்தல் முடிந்த கையோடு பழைய பொருளாளரிடம் புதியவரை ஒரு மாதம் அடுத்தாளாக உட்காரச் சொல்கிறேன். பழையவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

போன முறை புதிதாக வந்த ஓர் ஆச்சி முதல் நாளே ரசீது எண்களை விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். 36க்கு அடுத்தது 38. "37 எங்கண்ணே?" பழைய பொருளாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "வீட்டு மேசையில கிடக்கும் ஆச்சி" என்று வண்டிச் சாவியை எடுத்தார்.