வழுக்கும் பலகையில் மலை ஏறுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, இப்போது ஜப்பானின் சப்போரோவில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "ஐயா, நண்பர்கள் பனிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். கம்பிவட நாற்காலியில் ஏறிச் சறுக்கி வருவதில்லை. ஸ்கீயை மாட்டிக்கொண்டே உச்சிவரை நடந்து ஏறி, பிறகு சறுக்கி இறங்க வேண்டுமாம். வழுக்குவதற்கென்றே செய்த பலகையில் நின்றுகொண்டு மேலே எப்படி ஏற முடியும்? எந்த பூட்ஸ், எந்த ஸ்கீ வாங்கலாம்?"

இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரரே பாதி பதில் சொல்லிவிடுவார். முதல் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 2026 பிப்ரவரியில் இத்தாலியின் போர்மியோவில் ஸ்கீ மலையேற்றம் முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியாக நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: வீரர்கள் மூச்சிரைக்க மேலே ஓடி வருகிறார்கள், ஒரு நொடி நின்று ஸ்கீயின் அடியிலிருந்து எதையோ சர்ரென்று உரிக்கிறார்கள், மார்புச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கீழே பாய்கிறார்கள். அந்த உரித்த பட்டையில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன், பனி ஏன் வழுக்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும், அதனால் காலடியில் நீர் ஊறும் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். 1886-இல் அயர்லாந்தின் ஜான் ஜோலி சொன்ன விளக்கம் அது. சறுக்குக் காலணியின் கூரிய தகட்டுக்குக்கூட அது போதாது. ஸ்கீக்குச் சுத்தமாகப் பொருந்தாது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரே ஸ்கீயின்மேல் நின்றாலும், 170 செ.மீ. நீளமும் 9.5 செ.மீ. அகலமும் உள்ள பலகை அந்த எடையைப் பரப்பிவிடுகிறது. மிஞ்சும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 4 சதவீதம். உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்க நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பனித்துகள்களின் முனைகளில் மட்டும் பலகை தொடுவதால் அங்கே அழுத்தம் கூடும் என்பது சரிதான். அப்படியும் கடுங்குளிரில் அது போதாது.

1939-இல் கேம்பிரிட்ஜின் ஃபிலிப் பௌடனும் டி. பி. ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோகில், பனிக்குள் குடைந்த குகையில் உட்கார்ந்து இதை அளந்து பார்த்தார்கள். உராய்வில் பிறக்கும் வெப்பமே பனியை மெல்லிய படலமாக உருக்குகிறது என்று கண்டார்கள். வெப்பத்தை எளிதில் கடத்தும் பித்தளை அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டுபோய் வீணாக்கியது. கடத்தாத எபோனைட்டோ நன்றாக வழுக்கியது. எபோனைட் என்பது கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து இறுக்கிய ரப்பர். அந்நாளில் உலக ரப்பரின் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும்தான் போனது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோலகங்சாரில் 1877-இல் நட்ட பால்மரக் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை. பனியே பார்க்காத நம் ஊர் மரத்தின் பால் ஆல்ப்ஸ் குகைவரை போயிருந்தாலும் வியப்பதற்கில்லை. இன்றைய ஸ்கீயின் அடிப்பாகத்துக்குப் பாலிஎத்திலீன் வந்துவிட்டது. அதுவும் வெப்பத்தைக் கடத்தாத பொருள்தான்.

இங்கே ஒன்று சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. பனிக்குகையில் போய் உராய்வை அளக்கிறேன் என்று இன்று நம் நாட்டில் ஓர் இளைஞர் நிதி கேட்டால், "இதனால் தொழில்துறைக்கு என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். பௌடன் போட்ட அடித்தளத்தின்மேல் வளர்ந்த உராய்வியல் இல்லாமல் நல்ல பேரிங்கும் இல்லை, எஞ்சின் எண்ணெயும் இல்லை. பால்மர ஆராய்ச்சிக்கென்று 1925-லேயே நிலையம் கண்ட நாடு இது. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற மர ரகத்தைத் தெரியாத பழைய தோட்டத்து ஆள் உண்டா? பொறுத்திருந்து பலன் கண்டவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, பட்டைக்கு வருவோம். முன்னாளில் கடல்நாய்த் தோலை ஸ்கீயின் அடியில் கட்டினார்கள். இன்று அங்கோரா ஆட்டின் மோஹேர் முடி, நைலான், அல்லது இரண்டும் கலந்த நெய்பட்டை. ஒருபுறம் குட்டையான முடி, மறுபுறம் ஒட்டி உரிக்கக்கூடிய பசை. தோல் என்ற பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வாங்கும்போது பட்டை ஸ்கீயைவிட அகலமாக இருக்கும். ஒட்டிவிட்டு, இரும்பு விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி ஓரத்தை நறுக்க வேண்டும். அப்படி நறுக்கிய மிச்சத் துண்டு ஒன்றை மாணவர் தபாலில் அனுப்பியிருந்தார். அவருடைய நண்பரின் பட்டையில் வெட்டியது. ஒரு சாண் நீளம், விரல் அகலம். முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் தடவினால் வழவழவென்று போகிறது. விரலைத் திருப்பித் தடவினால் முடிகள் சிலிர்த்து எழுந்து விரலைத் தடுக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முடி ஒவ்வொன்றும் ஒரே திசையில் சாய்ந்து படுத்திருப்பது தெரிகிறது.

நமக்கு இது புதிதல்ல. பள்ளித் திடலில் முளைக்கும் ஒட்டுப்புல்லை, மலாய்க்காரர்கள் கெமுஞ்சுப் என்பதை, மிதித்துவிட்டு வந்த பிள்ளைகளின் காற்சட்டையைப் பாருங்கள். அந்த விதையின் கூரான அடியில் பின்னோக்கிச் சாய்ந்த நுண்முட்கள் உண்டு. துணி அசைய அசைய விதை உள்ளேதான் போகும், வெளியே வராது. ஸ்கீயின் பட்டையும் அதே உத்தியில்தான் மலை ஏறுகிறது.

இதில் என் மனத்தை அள்ளுவது என்னவென்றால், பாடநூலில் உராய்வுக் கெழு என்று நாம் மனப்பாடம் செய்தது ஒரே ஓர் எண், ஒரு பரப்பு இன்னொன்றை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு. மரத்தின்மேல் மரத்துக்கு ஓர் எண், இரும்பின்மேல் இரும்புக்கு ஓர் எண். எந்தப் பக்கம் தள்ளினாலும் அதே எண் என்பதை நூல் சொல்வதே இல்லை, சொல்லாமலே நம்பவைக்கிறது. இந்தப் பட்டைக்கு இரண்டு எண்கள். முன்னோக்கித் தள்ளினால் சிறியது, பின்னோக்கி இழுத்தால் பெரியது.

எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? சரிவில் ஒரு பொருள் வழுக்காமல் நிற்க, உராய்வுக் கெழு சரிவுக் கோணத்தின் டேன்ஜெண்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இது ஐந்தாம் படிவத்துக் கணக்கு. 15 டிகிரிச் சரிவுக்கு 0.27. 20 டிகிரிக்கு 0.36. 25 டிகிரிக்கு 0.47. பட்டை ஒட்டாத, மெழுகிட்ட ஸ்கீயின் கெழு 0.05 என்று வைத்துக்கொண்டால் அது 3 டிகிரிச் சரிவிலேயே நழுவத் தொடங்கிவிடும். பட்டை ஒட்டியதும் அதே ஸ்கீ 20 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. இருந்தும் முன்னே தள்ளினால் முரண்டு பிடிக்காமல் போகிறது.

முடியின் வேலையை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஸ்கீ முன்னே போகும்போது பனித்துகள்கள் முடியை அதன் சாய்வுத் திசையிலேயே தடவுகின்றன. முடி வளைந்து படுத்துவிடுகிறது. துகள்கள் அதன் முதுகின்மேல் உருண்டு போகின்றன. ஸ்கீ பின்னே நழுவப் பார்க்கும்போது துகள்கள் முடியின் நுனியில் மோதுகின்றன. படுத்திருந்த முடி நிமிர முயல்கிறது. நிமிர்ந்தால் அதன் உயரம் கூடும், ஆனால் மேலே ஆளின் எடை அழுத்துவதால் போக இடமில்லை. ஆகவே நுனி பனிக்குள் இறங்குகிறது. நழுவ நழுவப் பிடி இறுகுகிறது! பட்டை முழுவதும் நெருக்கமாக நட்ட முடிகளில் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாங்கினால் ஒரு மனிதரைத் தாங்கிவிடலாம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தாமாக விழுகின்றன. முதலாவது, பிடி முடியில் மட்டும் இல்லை, பனியிலும் இருக்கிறது. முடி நுனி இறங்க முடியாத இறுகிய பனிக்கட்டியில் பட்டை கைவிட்டுவிடும். அங்கே ஸ்கீயின் இருபுறமும் பல் நீட்டும் உலோகத் தகடு மாட்ட வேண்டும். சர்க்கரையைக் கொட்டிவைத்தாற்போன்ற ஒட்டாத பனியிலோ முடி நன்றாகவே பிடிக்கும், பனிதான் அடுக்கோடு பெயர்ந்துவிடும். இரண்டாவது, எடை இல்லாமல் பிடி இல்லை. சரிவு செங்குத்தாகத் தெரிந்ததும் புதியவர்கள் பயத்தில் முன்னே குனிந்து கைக்கோல்களின்மேல் சாய்வார்கள். உடலெடையின் ஒரு பகுதி கோல்களுக்குப் போய்விட, முடிகளை அழுத்தும் சுமை குறைகிறது, உடனே சறுக்கல். பயப்படும் இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும், குதிகாலில் எடையை இறக்க வேண்டும்.

ஈரம்தான் பட்டைக்கு எமன். வெயில் பட்ட சரிவில் உருகும் பனிநீரை முடிகள் உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே மர நிழலுக்குள் போனால் அந்த நீர் உறைந்து, அதன்மேல் புதுப்பனி ஒட்டி, சற்று நேரத்தில் காலடியில் ஒரு பாறாங்கல் வளர்ந்துவிடும். அதற்குத்தான் பட்டைக்கும் மெழுகு தேய்ப்பார்கள். மோஹேர் நன்றாக வழுக்கும், நைலான் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். தொடக்கக்காரருக்குக் கலப்புப் பட்டை போதும்.

முடியும் பனியும் என்றதும் இன்னொன்று. நீங்கள் இருக்கும் சப்போரோவில்தான், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில், 1936-இல் உகிச்சிரோ நகாயா உலகிலேயே முதன்முறையாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். எதன்மேல் தெரியுமா? ஒரு முயல் முடியின் நுனியில். ஊர் சுற்றும்போது பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள்.

இனிக் கடைச் சமாசாரம். பணம் குறைவென்றால் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மற்றவற்றை முதல் பருவத்தில் வாடகைக்கு எடுங்கள். ஸ்கீ கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் சமாளிக்கலாம். பூட்ஸ் கடித்தால் பாதி மலையில் அழுதுகொண்டு திரும்ப வேண்டியதுதான். அளவு என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். உள்ளிருக்கும் மெத்தையுறையை உருவிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னே தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தால் சரி. மாலையில் கடைக்குப் போங்கள். கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். கணுக்காலுக்கு மேலுள்ள பகுதி நடைநிலையில் முன்னும் பின்னும் தாராளமாக ஆட வேண்டும், இறங்கும்போது ஒரே நெம்பில் பூட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கத்துக்குப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 110 இன்னொன்றின் 110 ஆகாது.

பூட்ஸின் முனையில் இருபுறமும் சிறு உலோகக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் இரண்டு ஊசிகள் அதில்தான் உட்காரும். முனை மட்டும் ஸ்கீயோடு இருக்க, குதிகால் விடுதலையாக எழும்பும். 1980-களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதுவரை ஒவ்வோர் எட்டிலும் காலோடு தூக்கிய கனமான சட்டத்தை அவர் இல்லாமல் ஆக்கிவிட்டார்.

எடையில் கஞ்சத்தனம் காட்டலாம், ஓரளவுக்கு. காலில் கட்டிய எடை முதுகுச் சுமையைவிட நான்கைந்து மடங்கு களைப்பைத் தரும். 600 மீட்டர் உயரத்தை 15 டிகிரிச் சரிவில் ஏறினால் நடை 2.3 கிலோமீட்டர், ஓர் எட்டுக்கு 65 செ.மீ. வைத்தால் 3,500-க்கும் மேற்பட்ட எட்டுகள். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ மிச்சம் என்றால் நல்லதுதானே? ஆனால் மிக லேசான பூட்ஸ் இறங்கும்போது துவளும், மிக லேசான ஸ்கீ கரடுமுரடான பனியில் படபடக்கும். ஹொக்கைடோவில் விழும் பஞ்சுப் பனிக்கு நடுப்பகுதி 95 முதல் 105 மில்லிமீட்டர் அகலம் நல்லது. நீளம் உங்கள் மோவாய்க்கும் நெற்றிக்கும் இடையில் எங்காவது இருக்கலாம். ஏறும்போது ஸ்கீயைத் தூக்கி வைக்காதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள். தூக்கினால் பனியின் எடையையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள்.

சந்தையில் மாணவரின் அம்மாவைப் பார்த்தேன். "கோயிலில் மந்திரித்த கயிறு அனுப்பியிருக்கிறேன் ஐயா, கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்," என்றார். கட்டிக்கொள்ளட்டும், அம்மா மனம் குளிரும். ஆனால் பெயர்ந்து விழும் பனிச்சரிவுக்குக் கயிறு தெரியாது, கோணம்தான் தெரியும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் பெயர்கின்றன. இறங்கச் சுகமான சரிவுகளும் அவைதான். 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ அலை அனுப்பும் தேடுகருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஊரிலிருந்து மீட்புப் படை வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். வழிகாட்டி இல்லாத முதல் பயணம் வேண்டாம்.

கடைசியாக, பட்டையின் பசை. குளிரில் பசை விறைத்தால் ஒட்டாது, ஆகவே நடுவில் உரிக்கும்போதெல்லாம் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் வீரர்கள் மார்பில் திணிப்பது அவசரத்துக்கு. நீங்கள் திணிப்பது உடற்சூட்டுக்கு. அறைக்குத் திரும்பியதும் ஹீட்டரின் மேல் காயப்போட வேண்டாம், பசை இளகிக் கெட்டுவிடும். நிழலில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பசையோடு பசை சேர மடித்துப் பையில் வையுங்கள்.