சங்கத்துச் சொத்தை விற்கும் முன் பழைய பிரமாணத்தை (பத்திரத்தை)ப் படியுங்கள்

"பதிவு பண்ணின சங்கம் சார். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டாச்சு, அட்வான்ஸும் வாங்கியாச்சு. இப்போ கோர்ட் உத்தரவு கொண்டுவரச் சொல்லுறாங்க." நாகர்கோவிலில் சிவில் வழக்கு நடத்தும் என்னிடம் இந்தப் பேச்சோடு வருகிறவர்கள் அதிகம். வாசகசாலை, ஊர்ச் சங்கம், கல்விச் சங்கம் என்று எதுவாகவும் இருக்கும். ரோட்டோரத்தில் சென்ட் விலை ஏறியதும் விற்கும் யோசனை வந்துவிடுகிறது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானது என்பதற்காகவே எல்லா விற்பனைக்கும் கோர்ட் அனுமதி வேண்டும் என்று இல்லை. உறுப்பினர்கள் சந்தா போட்டு, தங்கள் உபயோகத்துக்கு வாங்கிய மனை என்றால், பைலா (சங்கத்தின் விதிகள்) இடம் கொடுத்து, முறையாகக் கூடிய பொதுக்குழு தீர்மானித்தால் சங்கமே விற்கலாம். ஊரின் படிப்புக்கு, ஏழைகளின் வைத்தியத்துக்கு என்று ஒருவர் எழுதிக் கொடுத்த சொத்து அப்படியல்ல. சங்கத்தின் பெயரில் பட்டா இருந்தாலும் அது பொது தர்மச் சொத்து. நிர்வாகிகள் அதைப் பாதுகாக்க வேண்டியவர்கள்.

எந்த வகை என்பதைப் பிரமாணம்தான் சொல்லும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அங்கேதான் சிக்கல். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். அந்தக் காலத்துப் பிரமாணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. இன்றைய கமிட்டிக்காரர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர் குறைவு; சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு விலை பேசிவிடுகிறார்கள். கல்குளம் தாலுகாவில் ஒரு வாசகசாலைக்காரர்கள் அப்படித்தான் வந்தார்கள். பிரமாணத்தை மொழிபெயர்த்துப் பார்த்தபோது, வாசகசாலை நடக்காமல் போனால் இடம் கொடுத்தவரின் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. வாரிசுகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துத்தான் மனுவே போட முடிந்தது. கவனிக்காமல் விற்றிருந்தால் வாங்கியவர் கதி என்ன?

பொது தர்மச் சொத்து என்றால், விற்கலாமா என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்து வழிகாட்டுதல் கேட்கலாம். சுருக்கமாகத் தீர்க்க முடியாத தகராறு என்று நீதிபதி கருதினால் பதில் சொல்ல மறுக்கவும் முடியும். உரிமை யாருக்கு என்ற சண்டையை இந்த மனுவில் தீர்க்கப் பார்க்காதீர்கள். நிர்வாகத்தின் மீதே புகார் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவு வரும். அதன்படி ஏற்கனவே ஸ்கீம் தீர்ப்பு (நிர்வாகம் எப்படி நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்த திட்டம்) உள்ள அமைப்பென்றால் அந்தத் தீர்ப்பு சொல்லும் வழியில்தான் போக வேண்டும். கோயில் சொத்துக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி என்று வேறு சட்டம் உண்டு. வக்பு சொத்தின் விதியும் வேறு.

மனு போடுமுன் கமிட்டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேர்தல் நடந்திருக்கும், ஆனால் புதிய நிர்வாகிகளைக் காட்டும் ஏழாம் எண் படிவம் மாவட்டப் பதிவாளரிடம் போயிருக்காது. அப்போது மனுவில் கையெழுத்துப் போடுவது யார் என்பதிலேயே எதிர்ப்பு கிளம்பும்.

நீதிமன்றம் பார்ப்பது தேவையையும் நன்மையையும். ஏன் விற்க வேண்டும், குத்தகைக்கு விட்டால் போதாதா, விலை நியாயமா, பணம் எங்கே போகும்? "கட்டடம் பழசாகிவிட்டது" என்ற ஒற்றை வரி போதாது. பொறியாளர் அறிக்கை, வழிகாட்டி மதிப்பு, பக்கத்து இடங்களின் கிரைய நகல்கள், புதிய கட்டடத்துக்கான மதிப்பீடு எல்லாம் வேண்டும். பொருளாளரின் மைத்துனருக்கு மூடிய கதவுக்குள் பேசி முடித்த விலையோடு வந்தால் நான் மனுவை எழுதவே யோசிப்பேன். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விலை கேளுங்கள். ஊர்ப் பணம், கூடுதல் விலை ஊருக்குத்தானே.

வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். அனுமதி கிடைக்கும் முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள், வேலி போடாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அப்புறம் வங்கிக் கடன் கேட்கும்போதும் இந்த உத்தரவைத்தான் கேட்பார்கள்.

அனுமதி கிடைத்தால் உத்தரவின் நிபந்தனைகளைக் கமிட்டிக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். பணத்தைச் சங்கத்தின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடவும், கணக்குத் தாக்கல் செய்யவும் அதில் சொல்லியிருக்கலாம். அப்படியானால் கிரையம் முடிந்த வாரமே வங்கி ரசீதின் நகலை உங்கள் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.