பழைய .22 ரைபிளின் போல்ட் ஏன் முரண்டு பிடிக்கிறது?

.22 என்பது ஏறக்குறைய 0.22 அங்குல விட்டக் குண்டைச் சுடும் சின்ன ரைபிள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் எஃகு உருளைதான் போல்ட். பல வருஷமாக யாரும் தொடாத ஒரு .22 ரைபிளின் போல்ட் கைப்பிடியை மேலே தூக்கினால் பாதி வழி சுலபமாக வரும், அப்புறம் நின்றுவிடும். பலமாகத் தூக்கினால் கரகரவென்று ஏறும். பின்னால் இழுக்கும்போதும் அதே கரகரப்பு. இப்படி ஒன்று கையில் கிடைத்ததும் பலரும் உப்புத்தாளையும் பாலிஷ் பசையையும் தேடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. அந்தக் கரகரப்பில் முக்கால்வாசி இரும்பின் மேல் படிந்துபோன அழுக்கு. மீதிக்குத்தான் இரும்பைத் தொட வேண்டியிருக்கும். அதிலும் தொடக்கூடிய இடங்கள் சில, கிட்டவே போகக்கூடாத இடங்கள் சில.

இந்த அழுக்கு மற்ற ரைபிள்களைவிட .22இல் ஏன் இவ்வளவு சேர்கிறது? காரணம் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. பெரிய ரைபிள் தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும். .22இல் அப்படிக் கிண்ணம் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே பொள்ளலான ஒரு மடிப்பு. ஈரமான மருந்தைக் கூட்டுக்குள் இட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். மருந்து வெளிப்பக்கமாக ஓடி மடிப்புக்குள் போய் நிறைந்துகொள்ளும். சுடும்போது ஃபயரிங் பின் என்ற எஃகு ஆணி அந்த விளிம்பை பேரலின், அதாவது குழலின், பின்முனையோடு வைத்து நசுக்குகிறது. அந்த நசுக்கலில் தீ பிடிக்கிறது.

நசுங்க வேண்டுமென்றால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. அதனால் .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டுதான். .308 வின்செஸ்டர் என்ற பெரிய ரைபிள் தோட்டாவுக்கு அதே வரம்பு 62,000. அழுத்தம் குறைவு என்பதால்தான் பல பழைய .22களில் சுடும்போது போல்ட்டைப் பின்னால் போகவிடாமல் பிடிக்கும் தனிப் பூட்டுக் காதுகள் இருக்காது. போல்ட் கைப்பிடியின் அடிப்பாகமே பள்ளத்தில் இறங்கிப் பூட்டாக நிற்கும்.

பிரான்சில் ஃப்ளோபேர் 1845இல் செய்த குட்டித் தோட்டாவிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. ஸ்மித் அண்ட் வெசன் 1857இல் .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று உலகம் முழுக்கச் சுடப்படும் .22 லாங் ரைபிள் 1887இல் வந்தது. அந்தக் காலத்து வடிவம் ஒன்றை அது இன்றும் விடவில்லை. குண்டின் விட்டமும் கூட்டின் வெளிவிட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டின் வால் பகுதி மட்டும் ஒடுங்கி கூட்டுக்குள் செருகியிருக்கும். இப்படி இருக்கும்போது குண்டுக்கான மசகை கூட்டுக்குள் ஒளித்துவைக்க வழியில்லை. வெளியே தெரியும் ஈயத்தின் மேலேயே மெழுகோ கிரீஸோ பூசியாக வேண்டும். புதுத் தோட்டாவைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பது அதுதான்.

ஒவ்வொரு தோட்டாவும் உள்ளே போகும்போது இந்த மெழுகில் கொஞ்சம், தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாயில் வழிக்கப்படுகிறது. சுட்டதும் கரி, எரியாத மருந்துத் துகள், ஈயப் பொடி எல்லாம் வந்து அதில் ஒட்டுகின்றன. பல தயாரிப்புகளின் தீமூட்டு மருந்தில் உராய்வுக்காகப் பொடித்த கண்ணாடியும் கலந்திருக்கும். அதுவும் சேர்ந்துகொள்கிறது. இதோடு முன்பு யாரோ தாராளமாக ஊற்றிய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வருஷக்கணக்கில் இறுகினால், தேன் நிறத்தில் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு வந்துவிடும். கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும். பாகங்களுக்கு நடுவே அது கோந்து.

சரி, போல்ட்டைத் தூக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? பல .22களில் கைப்பிடியைத் தூக்குவதே, ஃபயரிங் பின்னை முன்னால் தள்ளும் மெயின் ஸ்ப்ரிங்கை அழுத்தும் வேலையையும் செய்கிறது. போல்ட்டின் பின்புறம் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். அதை கேம் என்பார்கள். ஃபயரிங் பின்னோடு சேர்ந்த துண்டின் மூக்கு அந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கும். போல்ட் சுழலும்போது மூக்கு சாய்வில் ஏறிப் பின்னால் தள்ளப்படுகிறது, ஸ்ப்ரிங் அமுங்குகிறது. வின்செஸ்டர் மாடல் 67 போன்ற சில ரைபிள்களில் இந்த ஏற்பாடு கிடையாது. பின்னாலுள்ள குமிழைக் கையால் இழுத்துத்தான் தயார்ப்படுத்த வேண்டும். அவற்றில் கைப்பிடியைத் தூக்கக் கனமாக இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

சாய்வில் உராய்வு செய்யும் சேட்டை கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். சாய்வு 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையென்றால் ஸ்ப்ரிங்கின் விசைக்குச் சமமாகத் தள்ளினால் போதும். உராய்வுக் கெழு 0.1 ஆனால் 1.22 மடங்கு தள்ள வேண்டும். 0.3 ஆனால் 1.86 மடங்கு. அதாவது எண்ணெய்ப் படலம் இருக்கும் கேமுக்கும் காய்ந்து கரி பிடித்த கேமுக்கும் நடுவே கையில் ஒன்றரை மடங்கு வித்தியாசம், அதே ஸ்ப்ரிங்கை வைத்துக்கொண்டே. போல்ட்டில் மற்ற எந்த இடத்தைப் பளபளப்பாக்கினாலும் இந்த அளவு பலன் வராது. ஆனால் ஆட்கள் மினுமினுக்கத் தேய்ப்பது என்னவோ வெளியே தெரியும் போல்ட் உடம்பைத்தான்.

வேலையைத் தொடங்குமுன், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசீன், சேம்பர் இரண்டும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். குழாய் மேகசீன் உள்ளவற்றில் ஒரு தோட்டா உள்ளேயே சிக்கி நிற்பது உண்டு. அதனால் குழாயை முழுக்க வெளியே எடுத்துப் பாருங்கள். அப்புறம் கோளாறு எந்த இடத்தில் என்று பிரித்தறிய வேண்டும். ஸ்ப்ரிங்கும் ஃபயரிங் பின்னும் இல்லாத வெறும் போல்ட்டை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அதிலேயே உரசினால், போல்ட் ஓடும் உறையான ரிசீவரில் பிரச்சினை. வெறும் போல்ட் சுகமாக ஓடி, ஸ்ப்ரிங்கைப் போட்டதும் கைப்பிடி கனத்தால் கேம். இரண்டும் சரியாக இருந்து, சுட்ட கூடு உள்ளே இருக்கும்போது மட்டும் இழுக்க முடியவில்லை என்றால் சேம்பரைப் பாருங்கள்.

சேம்பரில் இரண்டு குற்றவாளிகள் உண்டு. ஒன்று, முன்பகுதியில் மோதிரம் மாதிரி இறுகிய கரி. .22 ஷார்ட் நிறையச் சுடப்பட்ட லாங் ரைபிள் சேம்பர்களில் இது சகஜம். குட்டைக் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கரி படிந்துவிடும், பிறகு நீளமான கூடு அதில் போய் இறுகும். இன்னொன்று, தோட்டா இல்லாமல் சுடும் விசையை இழுத்து இழுத்துப் பார்த்ததன் பலன். நடுவே நசுங்கப் பித்தளை விளிம்பு இல்லாதபோது, சில ரைபிள்களில் ஃபயரிங் பின்னின் முனை நேராக பேரலின் விளிம்பில் மோதும். அங்கே ஒரு குழி விழும், குழியின் உலோகம் சேம்பருக்குள் பிசிறாகப் பிதுங்கும். பிறகு ஒவ்வொரு கூடும் அந்தப் பிசிறில் உரசிக்கொண்டே போய்வர வேண்டியதுதான். இதை அரத்தால் ராவக்கூடாது. ராவினால் பிசிறு போகும், குழி அப்படியே நிற்கும். அந்த இடத்தில் ஃபயரிங் பின் அடிக்கும்போது விளிம்புக்கு அடியில் தாங்கல் இருக்காது. துப்பாக்கி மெக்கானிக்குகள் இதற்கென்றே கூம்பு வடிவில் ஒரு வழவழப்பான எஃகுக் கருவி வைத்திருப்பார்கள். அதைத் திணித்து உருட்டி, பிதுங்கிய உலோகத்தை வந்த இடத்துக்கே தள்ளிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து ரைபிள் ரிப்பேரில் மிக நேர்த்தியான வேலைகளில் இது ஒன்று.

சுத்தம் செய்ய மந்திரம் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயோ டர்பன்டைன் மாற்றோ மெழுகையும் பழைய எண்ணெயையும் கரைக்கும். பாகங்களைப் பிரித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். தீயில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மறக்கப்படும் இடங்கள் மூன்று: கூட்டைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடிப்பக்கம், ஃபயரிங் பின் ஓடும் கால்வாய், போல்ட் முகத்தில் விளிம்பு உட்காரும் பள்ளம். மரக்குச்சியைச் சீவிக் கிளறினால் போதும், எஃகு ஊசி வேண்டாம். துரு இருந்தால் வினிகரில் போடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். துருவோடு சேர்த்து எஃகின் மேலுள்ள நீலப் பூச்சையும் அது தின்றுவிடும்.

மிகப் பழைய தோட்டாக்கள் சுடப்பட்ட ரைபிளென்றால் ஒரு விஷயம் கூடுதல். 1920களுக்கு முன்பு தீமூட்டு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் சாதாரணமாக இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். காற்றின் ஈரத்தை வாங்கித் துருவைக் கூட்டும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். எத்தனை தரம் எண்ணெய்த் துணியால் துடைத்தும் துரு திரும்பத் திரும்ப வந்த அந்தக் காலத்து மர்மம் இதுதான். வெந்நீரால் கழுவி, உடனே நன்றாக உலர்த்தி எண்ணெய் பூசினால் தீர்ந்தது.

சுத்தம் செய்த பிறகும் உரசல் மிஞ்சினால்தான் உலோகத்தைப் பற்றிப் பேச வேண்டும். உராய்வு விசை தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததில்லை என்று பிரெஞ்சு அறிவியலாளர் அமோந்தோன் 1699இலேயே சொன்னார். ஏன் அப்படி என்பதை இருபதாம் நூற்றாண்டில் உராய்வை ஆராய்ந்த பௌடனும் டேபரும் தெளிவாக்கினார்கள். எவ்வளவு வழவழப்பான எஃகும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை வைத்தால் சில மேடுகளின் உச்சிகள் மட்டுமே நிஜமாகத் தொடுகின்றன. சுமை கூடினால் உச்சிகள் நசுங்கி, நிஜமாகத் தொடும் பரப்பு கூடுகிறது. உச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதே உராய்வின் பெரும் பகுதி.

ஆகவே உச்சிகளை மட்டும் சீவினால் போதும். பள்ளங்கள் இருக்கட்டும், எண்ணெய் தங்க இடம் வேண்டுமே. கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்த இரண்டு எஃகுப் பரப்புகள், எண்ணெய் வற்றினால் ஒன்றையொன்று பிய்த்தெடுக்கவும் கூடும். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, கறுப்பு மார்க்கரால் போல்ட்டையும் கேமையும் பூசிக் கொஞ்சநேரம் இயக்குங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். அதில் மட்டும், தட்டையான எதன்மேலாவது சுற்றிய 600, அப்புறம் 1000 உப்புத்தாளோ நுண்ணிய எண்ணெய்க்கல்லோ வைத்து, பாகம் நகரும் திசையிலேயே சில இழுப்பு. பழைய ரைபிள் பாகங்களில் பலவற்றுக்கும் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி ஆழத்துக்கு. அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மெத்தென்ற எஃகு. அது இன்னும் வேகமாகத் தேய்ந்து, இன்னும் அதிகமாகப் பிடிக்கும். தேய்ப்புப் பசையைப் போட்டு போல்ட்டை நூறு தரம் ஓட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. மேடு எது, பள்ளம் எது என்று பசை பார்க்காது. எல்லா இடத்தையும் தின்றுவிட்டு இண்டு இடுக்கிலும் தங்கிவிடும்.

கிட்டவே போகக்கூடாத இடங்களில் முதலாவது, சுடும் விசையை இழுக்கும்வரை ஃபயரிங் பின்னைப் பிடித்துவைத்திருக்கும் சியர். அதன் முனையில் கோணம் சற்று மாறினாலும், ரைபிள் கீழே விழும்போதோ போல்ட்டை வேகமாக மூடும்போதோ தானாகவே வெடிக்கலாம். அது தொழில் தெரிந்தவர், கோணம் மாறாமல் பிடிக்கும் ஜிக் என்ற சாதனத்தில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அடுத்தது போல்ட்டின் முகமும் பூட்டும் பரப்புகளும். விளிம்புக்காக விடப்படும் இடைவெளி 1.09 மில்லிமீட்டரிலிருந்து 1.17 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மொத்தச் சலுகையே 0.08 மில்லிமீட்டர். பளபளப்புக்காக முகத்தைத் தேய்த்து இந்த இடைவெளியைக் கூட்டினால் அடி சரியாக விழாது. அதோடு பின்னால் தாங்கல் குறைந்த விளிம்பு பிதுங்கி வெடிக்கவும் வாய்ப்புண்டு.

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் .22களில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் போல்ட் பூட்டப்படுவதே இல்லை, அதன் எடையும் ஸ்ப்ரிங்கும்தான் தாங்குகின்றன. அழுக்கு சேர்ந்தால் கூடு வெளியே தெறிக்காமல் சிக்கிக்கொள்ளும். மருந்து ஒன்றுதான்: சுத்தம்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. போல்ட் உடம்புக்கு ஒரு சொட்டை விரலால் பரப்பினால் போதும். கேமுக்கும் மூக்குக்கும் மட்டும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸ் ஒரு பொட்டு. அதன் படிகம் அடுக்கடுக்கான தாள்களாலானது. சுமை எவ்வளவு ஏறினாலும் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும் இடத்திலும் நிற்கும். ஃபயரிங் பின் ஓடும் கால்வாயை ஏறக்குறைய உலர்ந்தே விடுங்கள். அங்கே கெட்டியான எண்ணெய் இருந்தால் குளிரில் பின்னின் வேகம் குறைந்து தோட்டா பற்றாது.

கைப்பிடி லேசாக வேண்டும் என்று மெயின் ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். விளிம்பை நசுக்கப் போதுமான அடி வேண்டும், அதை ஸ்ப்ரிங்தான் தருகிறது. பழைய ஸ்ப்ரிங் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருக்கும். சந்தேகமிருந்தால் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் ஃபயரிங் பின் பதித்த தடம் ஆழமாக, ஒரே மாதிரி இருந்தால் ஸ்ப்ரிங் நலம். தடம் மேலோட்டமாகவோ கூட்டுக்குக் கூடு மாறியோ இருந்தால், முதலில் கால்வாயை மறுபடி சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் புது ஸ்ப்ரிங்குக்குச் சொல்லுங்கள்.