புலிக்காட்டை விட்டு வெளியேற 15 லட்சம்: கையெழுத்துப் போடும் முன்

புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் குடியிருப்பவர்கள் தாமாக முன்வந்து வெளியேறினால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். 2021 வரை அது 10 லட்சமாக இருந்தது. திட்டம் இவ்வளவுதான். வில்லங்கமெல்லாம் ‘குடும்பம்’ என்ற சொல்லில் இருக்கிறது.

ஒரு ரேஷன் கார்டு என்றால் ஒரு குடும்பம் என்று கணக்கெடுக்க வருபவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். விதி அப்படிச் சொல்லவில்லை. 18 வயது தாண்டிய மகன், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், தனிக் குடும்பம். 18 தாண்டிய, மணமாகாத மகளும் சகோதரியும் அப்படியே. கணவரை இழந்தவர், விவாகரத்தான பெண், எந்த வயது மாற்றுத்திறனாளியும் தனித்தனிக் குடும்பம்தான்.

நீலகிரியில் ஓர் அலுவலக வராந்தாவில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். கணவர் இல்லை. கார்டை பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். “உன் பேரு அண்ணன் கார்டுலதானே இருக்கு? அவர்கிட்ட பங்கு வாங்கிக்கோ” என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில். அது அவருக்கு மூன்றாவது நடை.

அடுத்த பொறி தேதி. எந்தத் தேதியில் 18 முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் வைத்திருப்பார்கள். அதை எழுத்தில் கேளுங்கள். பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் பிறந்த தேதி வேறுவேறாக இருந்தால், பட்டியல் முடிவாகும் முன்பே திருத்திவிடுங்கள்.

அப்புறம், வன உரிமை: காட்டில் குடியிருக்கவும் பயிரிடவும் உங்களுக்கு உள்ள உரிமை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 38வி பிரிவின்படி, வன உரிமைகளை அங்கீகரித்து முடித்த பிறகுதான் இடமாற்றமே. கிராம சபையின் சம்மதமும் வேண்டும். நடைமுறையில் தலைகீழ்: முதலில் சம்மதக் கடிதம், உரிமை மனு ‘பரிசீலனையில்’. வனத்துறையில் கேட்டால் வருவாய்த்துறை என்பார்கள், அங்கே போனால் பழங்குடியினர் நலத்துறை என்பார்கள். அலையாதீர்கள். மனுவைக் கிராம சபையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டு அங்கே வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காகிதம் இல்லையென்றால் ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றுதான். கிராம சபை நிராகரித்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மேல்முறையீடு செய்யுங்கள்.

பணமா, மறுகுடியமர்த்தலா (அரசே வேறிடத்தில் நிலமும் வீடும் தருவது) என்று கேட்பார்கள். இரண்டாவதில் 15 லட்சம் முழுவதும் கைக்கு வராது: நிலத்துக்கு 35 சதவீதம், பழைய இடத்து உரிமைகளைத் தீர்க்க 30, வீட்டுக்கு 20, சாலை, தண்ணீர் போன்ற பொது வசதிகளுக்கு 10, ஊக்கத்தொகை 5. நிலத்தைக் கண்ணால் பார்க்காமல் இதற்குத் தலையாட்ட வேண்டாம். பணத்தைத் தேர்ந்தெடுத்தால் தரகர் வருவார். முதுமலையில் வெளியேறியவர்களை நிலம் வாங்கித் தருவதாக ஏமாற்றிய புகார்கள் போலீஸ் வரை போயின. பாஸ்புக், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, ஏடிஎம் கார்டு எதையும் அவரிடம் விடாதீர்கள்.

போக விருப்பம் இல்லையா? சரி, இருங்கள். இது தன்விருப்பத் திட்டம். “எல்லாரும் போட்டாச்சு, நீ மட்டும்தான் பாக்கி” என்று யாராவது வந்தால், அந்தப் பட்டியலை முதலில் காட்டச் சொல்லுங்கள்.